குடை பிடித்தவன்

சிதோனியிடம் ஒரு நியாயம் உண்டு. அடுத்தவர் வாழ்க்கையிலிருந்து எதை எடுத்தாலும் சும்மா எடுக்க மாட்டாள். கேக் கொடுத்துத்தான் எடுப்பாள்.

பாரீசில் உட்கார்ந்து சினிமாவுக்குக் கதை வசனம் எழுதுகிறவள் அவள். காதலும் சிரிப்பும் கலந்த படங்கள்; ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வரலாம். சொந்தமாகக் கற்பனை செய்வதில் அவளுக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது. காதுதான் அவளுக்கு எல்லாம். பள்ளிக்கூடத்து நாளிலிருந்து கூடவே இருக்கும் அர்மெல் போனில் எதையாவது சொல்லிப் புலம்பினால் போதும், அந்தப் பக்கம் சட்டென்று பேச்சு நின்றுவிடும். பிறகு, "அடியே, இதை நான் எடுத்துக்கட்டுமா?" என்பாள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது கையில் ஒரு டப்பா இருக்கும். ஒரு வாக்கியத்தை எடுத்திருந்தால் கிரீம் அடைத்த எக்லேர். ஒரு காட்சியையே தூக்கியிருந்தால் பழங்கள் அடுக்கிய தார்த். அர்மெல் டப்பாவை வாங்கிக்கொண்டால் சம்மதம் என்று அர்த்தம்.

அவள் ஒரு முறைகூட வேண்டாமென்று சொன்னதில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்கு அதில் பெருமைதான். லுவார் ஆற்றோரத்துச் சின்ன ஊரில், ஒரே ஒரு திரை உள்ள பலாஸ் தியேட்டரை நடத்திக்கொண்டு, ஓய்வு பெற்றவர்களுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும் தன் பிழைப்பில், பாரீஸ்காரி காசு பார்க்கிற மாதிரி ஏதோ இருக்கிறதே என்ற பெருமை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிதோனி கொண்டுவந்த டப்பா, கார் ஸ்டீயரிங் அளவுக்கு இருந்தது.

படம் வெளிவருவதற்கு முன்னால் படக்குழு ஊர் ஊராகப் போய்ப் போட்டுக் காட்டி, முடிந்ததும் மேடையேறி ஜனங்களோடு பேசுவது வழக்கம். நடிகர்களும் டைரக்டரும் பெரிய ஊர்களுக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள். சிதோனி மட்டும், "முதல்ல அர்மெல் தியேட்டர்லதான்" என்று ஒற்றைக் காலில் நின்று, மழையில் ரயில் ஏறி வந்திருந்தாள். கன்னத்தோடு கன்னம் ஒட்டி இரண்டு பக்கமும் முத்தம் கொடுத்ததும் டப்பாவை நீட்டினாள். பாரீஸ்-பிரெஸ்த். நடுவில் ஓட்டையோடு, வளையம் போல, பாதாம் கிரீம் பிதுங்கப் பிதுங்கச் செய்கிற கேக். பேர் பெற்ற கடையின் நாடா கட்டியிருந்தது.

"என்னடி இது, கல்யாணத்துக்கா வந்திருக்கே?" என்றாள் அர்மெல்.

"உனக்குத்தான். படம் முடிஞ்சதும் பிரி."

"இவ்வளவு பெருசா? அப்படி என்னத்தடி எடுத்தே?"

சிதோனி கோட்டைக் கழற்றி உதறிக்கொண்டே அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பயமும் பாசமும் கலந்த பார்வை. படம் ஓடப்போகிற படபடப்பு என்று அர்மெல் நினைத்துக்கொண்டாள். "பாரேன். உனக்கே தெரியும்" என்றாள் சிதோனி.

அர்மெலின் கணவன் லுடோவிக் ஹாலின் பின்சுவரோரம் நின்று ஒலியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். சினிமா படப்பிடிப்புகளில் ஒலிப்பதிவு செய்கிறவன். இந்தப் படத்தில் அவன் வேலை செய்யவில்லை. ஆனாலும் பலாசில் விசேஷக் காட்சி என்றால் அவன் காது பட்டு வந்தால்தான் அர்மெலுக்கு நிம்மதி. "வண்டிச் சாவியைக் குடு, ஒயின் பெட்டியெல்லாம் உள்ள கொண்டு வரணும்" என்று அவள் கேட்டாள். அவன் திரும்பாமலே சாவியைத் தூக்கிப் போட்டான். பெட்டிகளை இறக்கி, கேக்கைப் பின்னறை பிரிட்ஜில் வைத்து, அவள் ஓடிவருவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. சாவி அவள் கவுன் பையிலேயே தங்கிவிட்டது.

படத்துக்கு 'மழை நின்றதும் போகிறேன்' என்று பெயர். கதை பெரிதாக ஒன்றுமில்லை. பியானோவுக்குச் சுதி சேர்க்கிற ஒருத்தன், கல்யாணமானவன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கும் லிசா என்ற பெண்ணின் வீட்டுக்குப் பியானோ பார்க்கப் போகிறான். மழை பிடித்துக்கொள்கிறது. மழை நின்றதும் போகிறேன் என்று படம் முழுக்கச் சொல்கிறான். மழை நிற்பதாக இல்லை.

முதலில் வந்ததெல்லாம் அர்மெலுக்குத் தெரிந்த சரக்கு. லிசா கடன் வாங்கிய செருப்பு கடித்ததால் வெறுங்காலோடு ஆற்றங்கரையில் நடந்து, "எங்க குடும்பத்துல இப்படித்தான், பரம்பரை வழக்கம்" என்று சமாளித்தாள். ஹால் சிரித்தது. அது அர்மெல் செய்தது, லுடோவிக்கை முதன்முதலில் சந்தித்த அன்று. அதற்கு ஸ்ட்ராபெரி தார்த் வந்தது. லிசா தப்பான சாவுக்குப் போய், முன்பின் தெரியாத கிழவருக்காகக் கண்ணீர் விட்டாள். அதுவும் அர்மெல்தான், இரண்டு எக்லேர். பக்கத்து சீட்டில் ரேமோன், ஓய்வு பெற்ற மீன் வியாபாரி, சனிக்கிழமைகளில் சம்பளமில்லாமல் டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறவர், தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அர்மெல் அவர் காதில், "அது நான்தான்" என்று சொன்னாள். சொல்லும்போது அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. திரையில் அவ்வளவு அழகாக ஒருத்தி நடக்கிறாள், அது தன் நடை!

அப்புறம் பிரிட்ஜ் வந்தது.

கதாநாயகன் லிசாவின் சமையலறையை ஒட்டிய கூடத்தில் பியானோவைத் தட்டிக் கேட்கிறான். பிரிட்ஜ் உர்ரென்று இரைகிறது. அவன் பிளக்கைப் பிடுங்குகிறான். பிடுங்கிவிட்டு, தன் கார்ச் சாவியை எடுத்து பிரிட்ஜுக்குள், கடுகு விழுது ஜாடிக்குப் பக்கத்தில் வைக்கிறான். "பைத்தியமா உனக்கு?" என்கிறாள் லிசா. "திரும்ப பிளக்கைப் போட மறந்துட்டா உன் சாப்பாடு கெட்டுடும். சாவி உள்ள இருந்தா, கிளம்பும்போது தேடுவேன் பாரு, ஞாபகம் வந்துடும்" என்கிறான் அவன்.

ஒலிப்பதிவுக்காரர்கள் எல்லோரும் செய்கிற காரியம் இது. அடுத்தவர் வீட்டில் படம் பிடிக்கப் போனால் பிரிட்ஜை நிறுத்துவார்கள், சாவியை உள்ளே வைப்பார்கள். லுடோவிக் வீட்டில் உட்கார்ந்து பதிவுகளைக் கேட்கும்போதும் அதையே செய்வான். வெண்ணெய் எடுக்கப் போய் சாவியை எடுத்த நாள் அர்மெலுக்கு எத்தனையோ. இதையும் எடுத்துவிட்டாளா என்று சிரித்துக்கொண்டே, இதற்கு எந்த டப்பா வந்தது என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. சினிமாக்காரிதானே, படப்பிடிப்பில் பார்த்திருப்பாள் என்று விட்டுவிட்டாள்.

திரையில் அவன் லிசாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "கொஞ்ச நேரம் பேசாதே" என்றான். "நீ இருக்கிற ரூமுக்கு ஒரு தனிச் சத்தம் இருக்கு. நான் அதைக் கேக்கணும்."

அர்மெலின் சிரிப்பு அப்படியே நின்றது.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சிதோனியிடம்கூட. தூர் நகரத்தில் வாடகைக்கு இருந்த மாடி அறையில் லுடோவிக் அவளிடம் சொன்ன வார்த்தை இது. அவள் தன் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றைத்தான் எந்த கேக்குக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாள், அது இதுதான். மனம் உடனே சாக்குத் தேடியது. எங்கேயாவது வாய் தவறிச் சொல்லியிருப்பேனோ? ஒயின் உள்ளே போன ஏதாவது ஒரு நாளில்?

படம் அவளுக்காக நிற்கவில்லை. கதாநாயகன் அவசரமாகக் கிளம்புகிறான். பிளக்கை லிசாவே மாட்டிவிடுகிறாள், சாவியை அவன் பிரிட்ஜிலேயே மறந்துவிடுகிறான். வெளியே வந்தால் கார் திறக்கவில்லை. லிசா அதற்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டாள். மழையில் பாலத்தைக் கடந்து நடந்தே வீட்டுக்குப் போய், பாலத்துக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டுச் சந்தைக்குப் போன இடத்தில் சாவி தொலைந்துவிட்டது என்று பெண்டாட்டியிடம் சொல்கிறான்.

பெண்டாட்டி பெயர் மோனிக். குட்டையாக, பெரிய மூக்கும் பிளாஸ்டிக் மழைக்கோட்டுமாக ஒரு நடிகை. அவள் புருஷனை இழுத்துக்கொண்டு சந்தைக்கு ஓடுகிறாள். கடைகளை மூடிக்கொண்டிருக்கிறார்கள். மோனிக் நாலு காலில் தவழ்ந்து மேசைகளுக்கு அடியில் போகிறாள், அழுகின முட்டைக்கோஸ் இலைகளை விலக்குகிறாள், தேடிக்கொண்டே வாய்க்குள் முணுமுணுக்கிறாள்: "அந்தோனியாரே, தொலைஞ்சதைத் தேடிக் குடுக்கிறவரே, எங்க வீட்டுக்காரர் சாவியைக் காட்டிடுப்பா, உனக்கு மெழுகுவத்தி ஏத்தறேன்." ஹால் வெடித்தது. ரேமோனுக்கு மூச்சு வாங்கியது.

அந்த முட்டைக்கோஸ் இலைகளை அர்மெலுக்குத் தெரியும்.

அவளுடைய அப்பா பழைய கம்யூனிஸ்ட். சாமி பேரை எடுத்தால் வீட்டில் தட்டு பறக்கும். அவளும் இந்த ஊரில் கோயில் பக்கம் போகாதவள் என்று பேர் வாங்கியவள். ஆனால் இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால், லுடோவிக் சிப்பி வாங்கப் போன இடத்தில் கார்ச் சாவியைத் தொலைத்துவிட்டு நனைந்துபோய் வந்தபோது, அவள்தான் அவனை இழுத்துக்கொண்டு சந்தைக்கு ஓடினாள். அவள்தான் மீன் தண்ணீரிலும் கோஸ் இலையிலும் முட்டி போட்டுத் தவழ்ந்தாள். வேறு வழி தெரியாமல் அந்தோனியாரைக் கூப்பிட்டாள். எழுந்ததும் வெட்கம் தாங்காமல், "இதை யார்கிட்டயாவது சொன்னே, தொலைச்சுடுவேன்" என்று அவனிடம் சத்தியம் வாங்கினாள். அவன் தன் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. அவன் மட்டும்தான் இருந்தான், அவள் தலைக்கு மேல் குடை பிடித்தபடி.

திரையிலும் புருஷன் குடை பிடித்துக்கொண்டு நின்றான். அவனுடைய போன் முனகியது. எடுத்துப் பார்த்தான். திரை முழுக்க அந்தச் செய்தி தெரிந்தது: 'உன் சாவி என் பிரிட்ஜுல. கடுகுக்குப் பக்கத்துல. முத்தங்கள்.' அவன் போனைப் பைக்குள் போட்டான். கீழே தவழ்கிறவளைப் பார்த்தான். அவள் இந்த மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போக, அவனும் குடையோடு ஒரு அடி நகர்ந்து நின்றுகொண்டான். நனையாமல் பார்த்துக்கொள்கிறானாம்.

அந்த இடத்தில் விழுந்த சிரிப்பு, பலாஸ் அந்த வருஷம் முழுக்கக் கேட்காத சிரிப்பு.

அந்தக் குளிர்காலத்தில், அவள் சந்தையில் தவழ்ந்ததற்கு மறுநாள், லுடோவிக் சாவியைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்தான். "மீன்காரர் எடுத்து வெச்சிருந்தார்" என்றான். சாவி ஐஸ் மாதிரி இருந்தது. "என்ன இவ்வளவு சில்லுன்னு இருக்கு?" என்று கேட்டாள். "மீன்கடை இல்லியா, ஐஸ்ல கிடந்திருக்கும்" என்றான். அவள் அன்றைக்கே யாருக்கும் தெரியாமல் கோயிலுக்குப் போய், பேசினபடி மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். அவன் பொய்க்கு நன்றி சொல்லி விளக்கேற்றியிருக்கிறாள், மடச்சி.

அவள் திரும்பிப் பின்சுவரைப் பார்த்தாள். லுடோவிக் நின்ற இடம் காலியாக இருந்தது. கதவு மட்டும் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

இதற்கு மேல் சாக்குத் தேட ஒன்றுமில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிதோனியின் அம்மா விட்டுப்போன வீடு. வார இறுதியில் எழுத வருகிறேன் என்று சிதோனி வந்துபோன அந்தக் குளிர்காலம். லுடோவிக்குக்குத் திடீரென்று பிறந்த சிப்பி ஆசை. எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தது. அதிலும் எது அவளை அதிகமாக அறுத்தது என்றால், இத்தனை வருஷமாக எக்லேர் எக்லேராகத் தன்னை அள்ளிக் கொடுத்து அவள் உருவாக்கிய லிசா இப்போது அவள் புருஷனோடு கட்டிப்பிடித்து நிற்கிறாள். அவளுக்கு மிச்சம் வைத்தது பிளாஸ்டிக் கோட்டும் பெரிய மூக்கும்தான். ரேமோனிடம் வேறு "அது நான்தான்" என்று பீற்றிக்கொண்டாளே!

கடைசியில் மோனிக்குக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. கொஞ்சம் அழுகிறாள், அப்புறம் சிரிக்கிறாள். புருஷனுடைய பெட்டியைத் தானே கட்டிக் கொடுத்து, வழிக்கு ஒரு பாத்திரத்தில் சூப்பும் ஊற்றிக் கொடுத்து, "போ, மழை நின்னுடுச்சு" என்கிறாள். ஜனம் கை தட்டியது. அர்மெலுக்குக் கன்னம் எரிந்தது. அவள் கொடுக்காத மன்னிப்பையும் அவர்களே எழுதிக்கொண்டுவிட்டார்கள்.

விளக்கு போட்டார்கள். மேடையில் இரண்டு நாற்காலி. ஒன்று சிதோனிக்கு, ஒன்று அர்மெலுக்கு. மைக்கைப் பிடித்து ஊரை வரவேற்கிற வேலை எப்போதும் அவளுடையது. கால்கள் பழக்கத்தில் அவளை மேலே கொண்டுபோய் உட்கார வைத்தன. வாய் பழக்கத்தில் நன்றி சொன்னது. யாராவது கேள்வி கேட்கிறீர்களா என்றும் கேட்டது.

ரேமோன்தான் முதலில் எழுந்தார். "மதாம், அந்தப் பொண்டாட்டியை எங்கேர்ந்துங்க பிடிச்சீங்க? முட்டைக்கோசும் அந்தோனியாரும்! என் வயிறே புண்ணாப் போச்சு. இப்படி ஒரு அப்பாவி இருப்பாங்களா?"

மறுபடி சிரிப்பு. சிதோனி சிரிக்கவில்லை. "படத்துலேயே ரொம்ப நல்லவ அவதான்" என்றாள், அர்மெலைப் பார்த்தபடி. "எழுதும்போது எனக்கு ரொம்பப் பிடிச்சது அவளைத்தான். அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் பெருந்தன்மையா இருக்கா."

அவளுடைய கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. அர்மெலுக்கு அதுதான் புரியவில்லை. திருடி மாட்டிக்கொண்டவள் முழிக்கிற முழி இல்லை இது. நன்றி சொல்கிற முகம்.

மைக் அர்மெல் கையில் இருந்தது. இப்போது வாயைத் திறந்தால் அந்த மோனிக் இவள்தான் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். நாளைக் காலையில் ரொட்டிக்கடையில் இவளைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். திறக்காவிட்டால் இரண்டு பேரும் தப்பித்துக்கொள்வார்கள், இவள் கையாலேயே ஒயின் ஊற்றி வாங்கிக் குடிப்பார்கள். எது பெரிய கேவலம் என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை.

"எனக்கும் ஒரு கேள்வி இருக்கு" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிறானே, அவன் ஏன் அவளை எழுப்பலை? சாவி எங்க இருக்குன்னுதான் தெரிஞ்சுபோச்சே. எழுந்திரு, போதும்னு ஏன் சொல்லலை?"

சிதோனியின் முகம் மெல்ல மாறியது. அர்மெலின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவள், அங்கே தான் எதிர்பார்த்தது இல்லை என்பதைக் கண்டுகொண்டாள். முகத்தில் ஈயாடவில்லை. "சொன்னா... காட்சி முடிஞ்சுடும்" என்றாள்.

ஜனம் அதற்கும் சிரித்தது.

முன்கூடத்தில் ஒயினும், சூடான சீஸ் உருண்டைகளும், ரொட்டியில் தடவிய ரியேத் என்கிற பன்றிக்கறி விழுதும் காத்திருந்தன. ஊர் அங்கே நகர்ந்தது. அர்மெல் சிதோனியின் முழங்கையைப் பிடித்துப் பின்னறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். ஐஸ்கிரீம் பெட்டிகளும் பழைய போஸ்டர்களும் அடைந்த அறை. மூலையில் பிரிட்ஜ் இரைந்துகொண்டிருந்தது.

"அந்தச் செய்தி நீ அனுப்பினதுதானே?" என்றாள் அர்மெல். "நான் தவழ்ந்துக்கிட்டிருந்தப்போ?"

"அர்மெல், கேளு..."

"நீ அனுப்பினதுதானே?"

"ஆமா." சிதோனி சுவரில் சாய்ந்தாள். "ஆனா உனக்குத் தெரியும்னுதான் நான் இவ்வளவு நாளா நினைச்சேன். சத்தியமாடி. அந்த வசந்தத்துலேயே எல்லாம் முடிஞ்சுபோச்சு. அவன் உன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்னு சொன்னான். நீ கொஞ்சம் அழுதியாம், அப்புறம் சிரிச்சியாம். சிதோனிகிட்ட நான் இதைப் பத்திப் பேச மாட்டேன், அவளும் என்கிட்ட பேச வேண்டாம், பழையபடி இருப்போம்னு நீயே சொன்னதா சொன்னான்."

"நீ நம்பிட்டே."

"நம்பாம? நான் தார்த் கொண்டு வந்தேனே. பேரிக்காய் தார்த். நீ வாங்கிக்கிட்டியே!"

அர்மெலுக்கு ஞாபகம் வந்தது. ஈஸ்டர் சமயம். இவ்வளவு பெரிய தார்த் எதுக்குடி, நான் ஒண்ணும் சொல்லலையே என்று கேட்டாள். சிதோனி கண்ணில் தண்ணீர் விட்டு, "நீ ரொம்ப நல்லவடி" என்று கட்டிப்பிடித்தாள். எழுத்தாளர்களுக்கு அவ்வப்போது இப்படி ஆகும் என்று அர்மெல் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். மூன்று பேரும் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். லுடோவிக் இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

"ஒரு பேரிக்காய் தார்த்துக்கு" என்றாள் அர்மெல். "என் புருஷன்."

"அப்படிச் சொல்லாதே."

"வேற எப்படிச் சொல்ல? நீயும் அவனும் படுத்தீங்க, சரி, ஊர்ல நடக்காததா. அந்த அந்தோனியார் எதுக்குடி? அதைப் பத்தி உங்க ரெண்டு பேருக்கும் அந்தக் கட்டில்ல பேச்சா? சிரிச்சீங்களா?"

சிதோனி பழைய போஸ்டர்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்திருக்கிறார்கள்.

அழுதால் மோனிக் மாதிரியே இருக்கும் என்று அர்மெல் அழுகையை அடக்கிக்கொண்டாள். "எனக்கு உன்னை விட்டா யாருடி இருந்தா?" என்றாள். "அவன் பண்ணினதைச் சொல்லி அழறதுக்குக்கூட நான் உன்கிட்டதானே வந்திருக்கணும்? அந்த இடத்தையும் நீயே எடுத்துக்கிட்டியே."

அவள் பிரிட்ஜைத் திறந்தாள். மேல்தட்டில் நாடா பிரிக்காத பாரீஸ்-பிரெஸ்த் இருந்தது. கீழே தியேட்டர்காரர்கள் சாண்ட்விச்சுக்கு வைத்திருக்கும் வெண்ணெயும் கடுகு ஜாடியும். டப்பாவை எடுத்து சிதோனியின் கையில் வைத்தாள்.

"இதை நான் வாங்கலை."

"அர்மெல், படம் புதன்கிழமை எல்லா ஊர்லயும் வருது. நான் இப்போ என்ன பண்ண முடியும்?"

"வரட்டும். நான் குடுக்கலைன்னு நீ தெரிஞ்சுக்கிட்டுப் போ. இத்தனை வருஷத்துல முதல் தடவையா நீ திருடியிருக்கே. கேக்கைத் தூக்கிட்டுப் போ."

சொல்லிவிட்டுக் கவுன் பைக்குள் கையை விட்டாள். மதியம் லுடோவிக் தூக்கிப் போட்ட சாவி விரலில் தட்டுப்பட்டது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு கடுகு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்து, பிரிட்ஜ் கதவைச் சாத்தினாள். சிதோனி பார்த்துக்கொண்டே நின்றாள்.

முன்கூடத்தில் சத்தம் ஜாஸ்தியாக இருந்தது. நனைந்த கோட்டு வாசமும் சீஸ் வாசமும். லுடோவிக் ஒரு தூண் பக்கம், கையில் நிரம்பிய கிளாசோடு நின்றிருந்தான். அர்மெல் வருவதைப் பார்த்ததும் அவன் கண் அவள் முகத்தைத் தடவித் தேடியது. தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா? அவள் ரேமோனைப் பார்த்துச் சிரித்தாள், ஒருத்தருக்கு ஒயின் ஊற்றினாள். தெரியவில்லை என்று அவன் முடிவு செய்துகொண்டான். தோள் தளர்ந்தது, மூச்சு வந்தது. அந்த மூச்சை அர்மெல் பார்த்தாள். அதுவரை அவளுக்குள் இருந்த ஊசலாட்டம் அந்த இடத்தில் நின்றது.

அவன் தெம்பாகவே பக்கத்தில் வந்தான். "முயல்குட்டி, வண்டிச் சாவி உன்கிட்டதானே இருக்கு? சிதோனிக்கு ரயில் நேரமாச்சு. நான் கொண்டுபோய் விட்டுட்டு வந்துடறேன். மழை வேற கொட்டுது."

"சாவியா?" என்றாள் அர்மெல். மேடையில் பேசுகிற குரலிலேயே, கூடத்தின் அந்தக் கோடி வரை கேட்கும்படி கேட்டாள். "உன் சாவியைக் காணோமா, லுடோவிக்?"

"உன்கிட்டதானே குடுத்தேன்..."

"அந்தோனியார்கிட்ட கேளு."

கூடம் சிரித்தது. இப்போதுதானே படம் பார்த்துவிட்டு வந்தவர்கள். ரேமோன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே லுடோவிக்கின் தோளைத் தட்டப் போனவர், அவன் முகத்தைப் பார்த்தார். பின்னறை வாசலில் கேக் டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் சிதோனியைப் பார்த்தார். கடைசியாக அர்மெலைப் பார்த்தார். ஓய்வு பெறும்வரை ஊர்ச் சந்தையில் ஐஸைக் கொட்டி மீன் விற்ற மனுஷன். அந்தக் குளிர்காலத்தில் கடையைக் கட்டும்போது தூரத்தில் யாரோ தவழ்ந்தது அவருக்கு இப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு பாதியில் அறுந்தது. அவர் நிறுத்தியதும் பக்கத்தில் இருந்தவர்களும் நிறுத்தினார்கள்.

அர்மெல் வாசலோரக் குடைத் தொட்டிக்குப் போனாள். லுடோவிக்கின் பெரிய கறுப்புக் குடையை உருவினாள். கூரைக்கு அடியில் குடை விரிப்பது ஆகாது என்று இந்த ஊரில் யாரும் செய்ய மாட்டார்கள். அவள் கூடத்தின் நடுவிலேயே படாரென்று விரித்து, அவன் தலைக்கு மேல் பிடித்தாள். சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் அவன் கிளாசுக்குள் விழுந்தது.

"முட்டி போட்டுக் கேளு" என்றாள். "குடையை நான் பிடிச்சுக்கறேன்."